அதிகாரி பார்த்த மீன்

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் எங்கள் ஆபீஸ் தலைமை எழுத்தர் வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, மணலுக்குள் வளை தோண்டி ஒளியும் மீன் ஒன்றை வளர்த்தார். யார் பார்க்க வந்தாலும் உதட்டில் விரல் வைத்து, "உஷ்! பேசினா வெளிய வராது" என்பார்.

அவர் வேலையில் நீடிப்பதை முடிவுசெய்ய வேண்டிய புதிய அதிகாரி, ஒரு நாள் அந்த மீனைப் பார்க்க வந்தார். அரைமணி நேரம் மணலையே பார்த்தவர், "அடடா, எட்டிப் பாத்துச்சு! என்ன அழகு!" என்றார். உடன் இருந்த நாங்களும் தலையாட்டினோம்.

அதிகாரி போனதும் தலைமை எழுத்தர் என்னிடம், "அது போன வாரமே வெளிய துள்ளி விழுந்து செத்துப்போச்சு, தம்பி" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே, முசே?" என்றேன், அவருக்குப் பிடித்த பிரெஞ்சு மரியாதையில்.

"அதிகாரியே பாத்துட்டாரு. இல்லேன்னு சொல்ல நான் யாரு?"

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பயந்து சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.