ஒழுகுகிற வெள்ளைக் கோடு

முன்பெல்லாம் யப்பானில் மர அச்சுப் படத்தை வரைபவர் ஒருவர், பலகை வெட்டுபவர் இன்னொருவர், அச்சடிப்பவர் வேறொருவராம். பிறகு சிலர், 'நானே வரைவேன், நானே வெட்டுவேன், நானே அடிப்பேன்' என்று பிடிவாதமாய் நின்றார்களாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகுதான் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்ததாம். எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில் மண்டபத்தில் மூன்று கிழமை வகுப்பெடுக்க வந்த யப்பான் ரீச்சர் இதை ஆங்கிலத்தில் சொல்ல, சித்திரம் படிப்பிக்கிற என் மகள் தமிழில் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் கடைசிக் கதிரையில் இருந்தேன். அதுவும் மகள் இழுத்து வந்து இருத்தியது.

அந்தக் கலைஞர்களில் சிலர் மரத்தின் ரேகையையும் கணுவையும் மறைக்காமல் படத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள் என்றும் ரீச்சர் சொன்னா. எனக்குக் கிடைத்த பலகையில் குறுக்கே ஒரு வெடிப்பு. நல்லதையெல்லாம் மற்றவர்கள் எடுத்த பிறகு மிஞ்சியது. வெடிப்புக்கு மேலே மலையையும், கீழே இரண்டு வள்ளங்களையும் வெட்டினேன். வெட்டின இடத்தில் மை ஒட்டாது, வெடிப்பிலும் ஒட்டாது. அச்சடித்தால் அது காலை வெயிலில் துறைமுகத் தண்ணீர் மினுங்குகிற வெள்ளைக் கோடாக வரும் என்று நினைத்திருந்தேன்.

கடைசி நாள் கண்காட்சி. முழுக்கத் தானே செய்த படத்தின் கீழேதான் பென்சிலால் பெயர் எழுதலாம். என் பெயரை நான் படிவங்களில் தவிர வேறெங்கும் எழுதியதில்லை. ஆசை இருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்கு முதல் நாள், வீட்டுக்குக் கொண்டு வந்த பலகையை முற்றத்தில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் வெடிப்பைக் காணவில்லை. என் கணவர் வாழ்நாள் முழுக்க வள்ளம் கட்டிய ஓடாவி.

"இஞ்சாருங்கோ, பலகைக்கு என்ன செய்தனீங்கள்?"

"வெடிச்சுக் கிடந்தது. பஞ்சு திணிச்சுப் புட்டிப் பசை வைச்சு அடைச்சிட்டன். இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வராது."

"இதை ஆர் கடலில இறக்கப் போறது?"

"ரெண்டு வள்ளம் வெட்டி வைச்சிருக்கிறீர், பிறகென்ன?"

பின்னேரம் முழுக்கக் கொண்டை ஊசியால் சுரண்டினேன். மனிதர் நல்ல வேலைக்காரர், பாதிதான் வெளியே வந்தது.

மறுநாள் காலை மண்டபத்தில் மை பூசி, தாளை வைத்து, மூங்கில் ஓலை சுற்றிய தட்டால் தேய்த்து உரித்தேன். நேராக வர வேண்டிய கோடு அங்கங்கே அறுந்து, சின்னச் சின்ன அலையாய் வந்திருந்தது. நான் நினைத்ததை விட வடிவு. பெயர் எழுதப் பென்சிலை எடுத்தேன், எழுதவில்லை.

கண்காட்சியில் ரீச்சர் என் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டா. கோட்டைக் காட்டி ஏதோ கேட்டா.

"இதை எப்பிடியம்மா செய்தனீங்கள் எண்டு கேக்கிறா" என்றாள் மகள்.

மண்டபம் நிறைய ஆட்கள். என் கையில் பென்சில். சும்மா சிரித்திருந்தால் முடிந்திருக்கும்.

"முழுக்க என்ட வேலை இல்லை" என்றேன். "வெடிப்பை உன்ட கொப்பர் அடைச்சார். நான் தோண்டினனான். பாதி தோண்ட ஏலாமப் போச்சு."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் விக்கி விக்கிச் சொல்லி முடித்தாள். ரீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, ஏதோ சொன்னா.

"அப்ப ரெண்டு பேரும் பெயர் எழுதட்டுமாம்."

பின்னால் அயர்ன் பண்ணின சேட்டோடு நின்ற என் கணவரைக் கூப்பிட்டோம். பென்சிலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மூக்கு முட்டப் படத்தைப் பார்த்தார்.

"புட்டி காய முந்திச் சுரண்டிப்போட்டீர். பாரும், எத்தினை இடத்தில ஒழுகுது! ஒழுகிற வேலைக்கு நான் பெயர் போட மாட்டன். நீரே போடும்."

போட்டேன்.