பக்கத்துக் கட்டில்காரி

கடைசி வகுப்பு முடிந்து எல்லாரும் வாசலில் இடித்துக்கொண்டு வெளியேறும்போது அவள் மட்டும் உள்ளே நடப்பாள். புரொஜெக்டர், விளக்குகள், மின்விசிறிகள் என்று ஒவ்வொன்றாக அணைப்பாள். பின்வரிசையில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் அவன் தலைக்கு மேலே சுற்றுவதை மட்டும் விட்டுவைத்து, தோளைத் தட்டி, "எழுந்ததும் நீயே ஆஃப் பண்ணிடு" என்று சொல்லிவிட்டு வருவாள்.

விடுதி முழுக்க அவளுக்கு 'சுவிட்ச்' என்றுதான் பெயர். இரண்டு வருடமாக எனக்குப் பக்கத்துக் கட்டில். அவள் படிப்பது வணிகவியல். சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வயிற்றெரிச்சல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அறை அறையாகக் கதவைத் தட்டுவாள். "அரை மிஷின் துணிதான் இருக்கு. யார் சேர்றீங்க?" ஒருமுறை யாருடைய சிவப்புக் காலுறையோ சாயம் விட்டு ஐந்து பேரின் சட்டைகள் ரோஜா நிறமாகிவிட்டன. அந்த வாரம் முழுவதும் ஐவரும் அவற்றையே சீருடை மாதிரி போட்டுக்கொண்டு சிரித்துத் திரிந்தார்கள். தனியாகத் துவைத்த என் சட்டை மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தது.

உணவுக்கூடத்தில் தட்டில் பாதிதான் வாங்குவாள். வேண்டுமென்றால் மறுபடி எழுந்து போகக் கால் இல்லையா என்பாள். லிஃப்ட் இருந்தும் நான்காவது மாடிக்குப் படியேறுவாள், மூச்சிரைக்க, ஏதோ ஒரு மெட்டைத் தப்புத்தப்பாக முனகிக்கொண்டு. பின்னாலேயே நாலைந்து பேர் ஏறுவார்கள். முன்பெல்லாம் என்னிடம் சந்தேகம் கேட்க வந்தவர்கள் அவர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. மின்சாரத்தைச் சேமிப்போம் என்று பளபளக்கும் தாளில் இருநூறு சுவரொட்டி அச்சடித்து ஒட்டினேன். கீழே விழுந்தவற்றை அவள் பொறுக்கி வந்து பின்பக்கத்தில் பாடக்குறிப்பு எழுதினாள். "நல்லா எழுத வருதுடி" என்றாள். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரு மின்விசிறி ஒரு மணி நேரம் ஓடினால் எவ்வளவு கார்பன் என்று தெரியுமா என ஒருநாள் மடக்கினேன். "எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆளில்லாத ரூம்ல அது எதுக்கு சுத்தணும்?" என்று கேட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள்.

போன மாதம் விடுதியின் பசுமைக் குழுவுக்குத் தலைவி தேர்வு. நான் பெயர் கொடுத்திருந்தேன். அவள் கொடுக்கவில்லை, பிள்ளைகள் சேர்ந்து கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் வார்டன் முன்னால் நான் எழுந்து, விமானத்தில் ஒருமுறை போய்வந்தால் வருடம் முழுக்க விளக்கணைத்துச் சேமித்ததெல்லாம் போய்விடும் என்றேன். நம்மில் ஒருவர் போன பருவத்தில் ஊருக்கு விமானத்தில் போனார் என்றேன். அவளுடைய பயணச்சீட்டை அவள் புத்தகத்தில் பார்த்திருந்தேன். காரணம் கேட்டதில்லை.

அவள் எழுந்தாள்.

"நான்தான் போனேன். அப்பாவுக்கு ஆபரேஷன். ட்ரெயின்ல ரெண்டு நாள் ஆகும். மறுபடி அப்படி ஒண்ணு வந்தா மறுபடியும் ஃப்ளைட்லதான் போவேன்." கொஞ்சம் நிறுத்தி, வார்டனைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனா அவ சொன்ன கணக்கு சரிதான் மேடம்."

எனக்கு உட்கார நாற்காலி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

வார்டன் என் பெயரை முதலில் படித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அவள், என் பக்கம் திரும்பாமலே, கையை நேராக மேலே தூக்கினாள்.