இரண்டாம் அடுக்குக்குத் தாவும் இடம்

சுனாமிக்கு முந்திய நோன்பில் எங்கள் பள்ளிவாசலில் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகையை நடத்திய, குர்ஆனை மனனம் செய்த ஹாபிஸைக் கடல் கொண்டுபோனது. அவர் குர்ஆனை ஓதி முடித்த இரவின் வீடியோ கசட் மட்டும் கடலுக்கு எட்டாத இறக்காமத்தில் ஒரு உறவினர் வீட்டில் இருந்ததால் தப்பியது. யுத்தம் முடிந்து கொழும்புப் பயணம் இலகுவானதும், அதை டிவிடியாக அச்சிட்டு ஊருக்குக் கொடுக்கப் பள்ளி நிர்வாகம் முடிவு செய்தது. வேலை எங்களிடம் வந்தது. என் கணவரின் ஸ்டூடியோ எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. அவர் கல்யாண வீடுகளுக்குக் கமரா தூக்கிப் போவார். கம்பியூட்டர் வேலை என்னுடையது. மடியில் பல் முளைக்கும் மகள்.

நீளமான பதிவு. ஒற்றை அடுக்கு டிஸ்கில் அடைத்தால் பின்வரிசை முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. அந்த வரிசைகளில் இருந்த பலர் இப்போது இல்லை. ஆகவே இரட்டை அடுக்கு டிஸ்க். அதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் அடுக்கை முடித்து லேசர் இரண்டாவதுக்குத் தாவும்போது, பழைய பிளேயர்களில் படமும் சத்தமும் ஒரு கணம் நின்றுவிடும். அந்தத் தாவல் ஒரு சாப்டரின் தொடக்கத்தில்தான் விழும். நானோ கல்யாண வீடியோவுக்கு வைப்பதுபோல மணிக்கூட்டைப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாப்டர் வைத்திருந்தேன்.

மாஸ்டரைக் கொழும்புத் தொழிற்சாலைக்கு அனுப்புமுன் வீட்டுப் பிளேயரில் போட்டுப் பார்த்தேன். ஹாபிஸின் குரல் ஒரு ஆயத்தின், குர்ஆன் வசனத்தின், நடுவில் நின்று, பிறகு தொடர்ந்தது. அங்கே நிறுத்தினால் கருத்தே மாறிவிடும் என்று ஓதப்பள்ளியில் எங்களுக்கு அடித்துச் சொல்லித் தந்த வகையான இடம் அது.

“இஞ்சருங்க, இதக் கேளுங்க,” என்று கணவரைக் கூப்பிட்டேன்.

“பிளேயர் கிழடு புள்ள. கண் சிமிட்டுற நேரம். ஆரு கவனிக்கப் போறா?”

“ஊருல ஓதப் படிக்காத ஆக்கள் ஆரு? ஹாபிஸ் பிழையா நிப்பாட்டிட்டாரு எண்டுதான் நினைப்பாங்க. இல்லையெண்டு சொல்ல அவரு வரவா போறாரு?”

அவர் மகளை வாங்கிக்கொண்டார். “சரி, செய்ங்க. இண்டைக்கு பஸ்ஸுல போடல்ல எண்டு நான் பள்ளிக்குச் சொல்லுறன். ஏச்சு எனக்குத்தானே.”

அச்சாகிவிட்டால் எதையும் திருத்த முடியாது. இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழுததால் இடையிடையே ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும் இடங்கள் இருந்தன. தாவல் அங்கே விழட்டும் என்று, பாதியை ஒட்டிய ஸலாமுக்குப் பின்னால் புதிய சாப்டர் வைத்தேன். மென்பொருள் மறுத்தது. முதல் அடுக்கு இரண்டாவதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது; அந்த ஸலாம் பாதிக்குச் சற்று முன்பே வந்திருந்தது. அடுத்த ஸலாமோ முதல் அடுக்குக்குள் அடங்கவில்லை. ஆகவே, பதிவின் முடிவில் விளக்குகளை அணைத்து இறைவனிடம் கேட்ட நீண்ட துஆவின் படத்துக்கு டிஸ்கில் ஒதுக்கிய இடத்தைக் குறைத்தேன்; ஒரு சொல்லையும் வெட்டவில்லை. அங்கே இருட்டைத் தவிரப் படத்தில் எதுவும் இல்லை. அப்படியும் துஆவில் கைவைத்தது சரியா என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் பாதி சிறுத்தது. மென்பொருள் ஏற்றுக்கொண்டது. புதிய டிஸ்கை நானே மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அச்சாகி வந்த முதல் டிஸ்கை நிர்வாகம் ஹாபிஸின் மனைவிக்குக் கொடுத்தது. பக்கத்து வளவுதான், நான் மாமி என்று கூப்பிடுவேன். அவரிடம் பிளேயர் இல்லாததால் எங்கள் வீட்டில் வந்து பார்த்தார். அந்த இடம் நெருங்கியது. ஸலாம் வந்தது. பிளேயர் தாவிய ஒரு கணம் அமைதி. பிறகு ஹாபிஸின் குரல்.

“பாத்தியா மகள்,” என்றார் மாமி. “ஸலாம் குடுத்தா இப்பிடித்தான் ஒரு மூச்சு இருப்பாரு. அவசரப்படமாட்டாரு.”

“ஓம் மாமி.”

அவர் போனதும் மூலக் கசட்டைப் போட்டுப் பார்த்தேன். ஸலாம் கொடுத்த கையோடு அவர் ஓதத் தொடங்கியிருந்தார். இடைவெளியே இல்லை. வேறு இரவுகளில் அப்படி ஒரு மூச்சு இருந்திருப்பாரோ என்னவோ. இருபது வருடம் அவரோடு வாழ்ந்த மாமிக்குத் தெரியாததா என்றும் நினைத்தேன்.

மாமி வெள்ளிக்கிழமைகளில் டிஸ்கை எடுத்துக்கொண்டு வருவார். அந்த இடம் வருமுன் நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போய்விடுவேன்.