கோயில் காளைக்கு ஒரு சீப்புப் பழம்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். என் சம்பளத்தில் வாங்கிய மடிக்கணினியில் தோழியோடு ஒரு அனிமேஷன் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில், தனியாளாக அநியாயத்தைத் தட்டிக்கேட்ட வீரர், வயதாகி ஒதுங்கியவர், மறுபடி கவசத்தை மாட்டினார். தொப்பையில் அது பூட்டவில்லை. எனக்குப் பெரியப்பா நினைவு வந்துவிட்டது.

அவர் வயல் காவலர். அவர் அதட்டினால் மேயும் மாடெல்லாம் வரப்பேறிவிடும். மூட்டுவலியால் அவர் வீட்டோடு இருந்த ஓர் ஆடியில், எங்கள் நாற்றங்காலுக்குள் கோயில் காளை இறங்கிவிட்டது. நாற்று போனால் அந்த வருஷம் நடவே இல்லை. சாமி மாட்டை எப்படி அடிப்பது? அப்பா கையைப் பிசைந்தார்.

பெரியப்பா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"பொத்தானே பூட்டல, காளைய மடக்கப் போறாராம்!" என்றார் பெரியம்மா.

மிதிபட்ட நாற்றின் பச்சை வாசனை எங்கும் வீசியது. பெரியப்பா சேற்றில் இறங்கி, ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினார்.

"போதும் சாமி, மேல வாங்க. பாத்து வாங்க."

காளை அவர் பின்னாலேயே கரையேறியது. முக்கால்வாசி நாற்று தப்பியது.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து என்னை ஒரு தடவ இப்படி வாங்கன்னு கூப்பிட்டிருப்பீங்களா?" என்றார் கரையில் நின்ற பெரியம்மா.

பெரியப்பா கும்பிட்டார். "வாங்க மகாராணி, வந்து சோறு போடுங்க!"

தோழி படத்தை நிறுத்தினாள். "சண்டை நடக்குது, எதுக்குடி சிரிக்கிற?"

"எங்க ஊரு வீரர் சண்டையே போடலடி, கேளு" என்றேன்.