உப்பு வைத்த இலை

நான் நாவல் எழுத உட்கார்ந்தது இலக்கியத்துக்காக என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நானே இரண்டு மூன்று கூட்டங்களில் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அதையும் நம்ப வேண்டாம். காரணம் என் மச்சான். மனைவியின் அண்ணன். அவரைப் பழிவாங்க வேண்டியிருந்தது. கைநீட்டி அடிக்கிற உடம்பு எனக்கு இல்லை, அவருக்கு இருந்தது. வழக்குப் போடுகிற அளவுக்கு விவகாரமும் இல்லை. மிச்சம் பேனாதான்.

நடந்தது இதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் தொண்டாமுத்தூரில் புது வீடு கட்டிக் குடிபோனார். கணபதியிலிருந்து இரண்டு பஸ் மாறி, சலவை வேட்டி கசங்காமல் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். பந்தியில் இடம் கிடைத்தது. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாயிற்று. உப்பு வைத்தார்கள். ஜாங்கிரி வைத்தார்கள். பீன்ஸ் பொரியல் எதிர்வரிசையில் வந்துகொண்டிருந்தது. ஜாங்கிரியை விண்டு வாய்க்குக் கொண்டுபோகும்போது தோளில் ஒரு கை விழுந்தது.

“மாப்ளே, நீங்க அடுத்த பந்தில உக்காந்துக்கலாமுங்க.”

மச்சான்தான். அவருக்குப் பெண் கொடுத்த வீட்டார் கொடுமுடியிலிருந்து வந்திருந்தார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். எழுந்தேன். என் இலையை ஜாங்கிரியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

இலையில் உட்கார்ந்தவனை எழுப்புவது எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. அதிலும் உப்பு வைத்த பிறகு. ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டு, முப்பது வருஷமாகப் பேசாமல் இருந்த பங்காளிகளை எனக்குத் தெரியும். என்ன தகராறு என்று கேட்டால் வரப்பையும் சொல்ல மாட்டார்கள், கிணற்றையும் சொல்ல மாட்டார்கள். எவனோ ஒரு கல்யாணத்தில் எவனையோ எழுப்பிய கதையைச் சொல்வார்கள். மானமுள்ளவனாக இருந்திருந்தால் நானும் அப்படியே வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். அடுத்த பந்தியில் உட்கார்ந்து, ரசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கோபித்துக்கொண்டேன்.

அப்போது நான் கணபதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுதினேன். நாவலிலும் மச்சான் தென்னந்தோப்புக்காரர்தான். மீசையை மட்டும் எடுத்துவிட்டேன், அடையாளம் தெரியக்கூடாது என்று. கதாநாயகன் அறிவாளி, சாந்தமானவன், பம்ப்செட் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். அவனுக்கு மீசை வைத்தேன்.

இலைக் காட்சிக்காகத்தான் நாவல். முதல் கையெழுத்துப் படியில் அது அரைப் பக்கம். தோளில் கை, ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அதைப் படித்தபோது எனக்கு ரத்தம் கொதிக்கவில்லை. இரண்டாம் படியில் அந்தக் கை பிடரியைப் பிடித்தது. மூன்றாம் படியில் பந்தி முழுக்கச் சிரித்தது. நான்காம் படியில் அவர் இலையைக் காலால் எற்றினார், ஜாங்கிரி உருண்டு போய் ஒரு நாய்க்கு முன்னால் நின்றது. ஏழு பக்கம். எழுதி முடித்த அன்று பட்டறையில் பேரிங் கேட்டு வந்தவனுக்குப் புஷ்ஷை எடுத்துக் கொடுத்தேன்.

தண்டனையும் அதற்கேற்றபடி வளர்ந்தது. முதலில் தோப்புக்காரருக்குக் கிணறு வற்றியது. போதவில்லை. மலையிலிருந்து ஒரு யானையை இறக்கினேன். அதுவும் போதவில்லை. நான்காம் படியில் ஐந்து யானைகள். கடைசி அத்தியாயத்தில் அவை தோப்பை மிதித்துக்கொண்டு போனபோது நான் சத்தமாகவே சிரித்திருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, எங்கண்ணன் ஒரு வார்த்தை சொன்னாரு. அதுக்கு நானூறு பக்கமா?”

“இது கற்பனை.”

“கற்பனைல வர்றவருக்கு எங்கண்ணனாட்டமே எடது கை சுண்டுவெரல் கோணலா இருக்குதே, அதுங்க?”

விரலை நிமிர்த்திவிட்டேன். அது ஒன்றுதான் நான் அவருக்குச் செய்த சலுகை.

கோவையில் அப்போது ஒரு சின்னப் பதிப்பகம் இருந்தது. பதிப்பாளரும் அவரே, எடிட்டரும் அவரே. பகலில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். இழப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. எரிந்துபோனது என்று சொன்னால் சாம்பல் எங்கே என்று கேட்பவர். அதே கண்ணோடு நாவலும் படிப்பார். வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே பச்சை மையால் அடிப்பார். வெறுமனே அடிக்க மாட்டார். மர ஸ்கேல் வைத்து, நேராகக் கோடு போட்டு அடிப்பார். ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து கோடு. கோபத்தோடு கிறுக்கியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

“யானை எதுக்குங்க அஞ்சு?”

“அஞ்சு வந்தாத்தானுங்க தோப்பு முழுக்கப் போகும்.”

“தோப்பு போறது இருக்கட்டுங்க. கதை போகுதுங்களே.” ஸ்கேலை வைத்தார். நான்கு யானைகள் போயின.

அவர் அடித்துத் தந்த பக்கங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் வயிறு எரியும். மச்சான் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சத்தை எடுத்து இவருக்கும் ஒதுக்கினேன். நாவலில் ஒரு கஞ்சக் கணக்குப்பிள்ளையை நுழைத்தேன். கடலை கொறிப்பான், எதையும் நம்ப மாட்டான், பச்சை மையில் எழுதுவான், பதினேழாம் அத்தியாயத்தில் மாடு முட்டிச் சாவான். அந்த அத்தியாயத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டு படித்தார்.

“இந்த ஆள் தேவையில்லீங்க. சும்மா வந்துட்டுச் சும்மா போறான்.” பச்சைக் கோடு.

தன்னைத் தானே அடித்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிற ஒருவரை என்ன செய்துவிட முடியும்?

கடைசியாக இலைக் காட்சிக்கு வந்தார். ஏழு பக்கத்தையும் படித்தார். கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

“இது நடந்ததுங்களா?”

“நடந்ததுதானுங்க.”

“நாயுமா?”

“நாய் மட்டும் நான் சேர்த்ததுங்க.”

“சரிங்க. ஆனா இந்தத் தோப்புக்காரர் எதுக்கு இப்படிப் பண்றாரு? பொறாமைன்னு ஒரு பக்கத்துல இருக்குது, திமிருன்னு ஒரு பக்கத்துல இருக்குது. எங்க இன்ஷூரன்ஸ் பாரத்துல விபத்துக்கான காரணம்னு ஒரு கட்டம் உண்டுங்க. அதை நிரப்பாம வந்தா நாங்க கையெழுத்துப் போடறதில்லீங்க. காரணத்தக் கொண்டாங்க. இல்லீன்னா ஏழு பக்கத்தையும் எடுத்துரலாம்.”

அந்த ஏழு பக்கத்தை எடுத்தால் எனக்கு அந்த நாவலில் என்ன வேலை? ஐந்து வருஷம் கத்தியைத் தீட்டிவிட்டு, குத்துகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். ஒரு மாதம் காரணங்களாகக் கற்பித்துப் பார்த்தேன். கதாநாயகனின் அறிவைக் கண்டு தோப்புக்காரருக்கு அச்சம் என்று எழுதினேன். ஸ்கேல். கதாநாயகனின் அழகைக் கண்டு அச்சம் என்று எழுதினேன். ஸ்கேலே வைக்கவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொண்டாமுத்தூர் பஸ் ஏறினேன். யானை பற்றிக் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. போன வாரம்தான் தோப்பில் நிஜமாகவே யானை இறங்கியிருந்தது. சாய்ந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவில் மச்சான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குள் ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். அவனை உட்கார வைத்துவிட்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

“எத்தனை வந்ததுங்க மச்சான்?”

“ஒண்ணுதானுங்க மாப்ளே. ஒண்ணே பதினோரு மரத்தச் சாச்சுப்போட்டுது.”

எடிட்டர் சொன்னது சரி. ஒன்று போதும். அந்த எரிச்சலில் கைதட்டல் நின்றுவிட்டது.

சாய்ந்த மரத்திலிருந்து ஓர் இளநீரைச் சீவிக் கொடுத்தார். குடித்துவிட்டு, மெல்லத் தொண்டையைச் செருமினேன். “மச்சான், நீங்க ஊடு குடிபோன அன்னைக்கு...”

“எந்திரிக்கச் சொன்னனே, அதுங்களா?”

“நெனப்பிருக்குதுங்களா?”

“இல்லாமயா?” அரிவாளை மரத்தில் கொத்தி நிறுத்தினார். “உங்க கலியாணம் உங்களுக்கு நெனப்பிருக்குதுங்களா மாப்ளே?”

தாலி கட்டியது நினைவிருந்தது. மற்றது மங்கல்.

அவருக்கு எல்லாமே நினைவிருந்தது. முகூர்த்தம் முடிந்த முதல் பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலை மச்சானுடையது. அது வழக்கம். உட்கார்ந்திருக்கிறார். உப்பு வைத்தாயிற்று, மைசூர்பாகு வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஜிப்பா போட்ட ஒருவர் உள்ளே வருகிறார். எனக்கு இப்போது ஞாபகம் வந்தது. என் ஒரே ஒரு சிறுகதையைப் போட்ட பத்திரிகையின் உதவி ஆசிரியர். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டால் அடுத்த கதையும் வந்துவிடும் என்று ஒரு கணக்கு. வரவில்லை; பத்திரிகையும் அடுத்த வருஷமே நின்றுபோனது.

“நீங்க எந்தோள்ல கைய வெச்சீங்க. ‘மச்சான், நீங்க அடுத்த பந்தில உக்காந்துக்கலாமுங்க’ன்னீங்க. எந்தங்கச்சி கலியாணமுங்க அது. எங்க சனம் பூரா பாத்துட்டு நின்னாங்க.”

ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே வைத்திருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறார். கை வைத்த தோள்கூட அதே வலது தோள்.

“கொடுமுடிக்காரங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னீங்களே?”

“பஸ் எங்கீங்க? வேன்ல வந்திருந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுத்தான் போனாங்க.”

“அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க மச்சான்?”

“சொல்லிப்போட்டா அப்பறம் செய்யறதுக்கு என்னங்க இருக்குது?”

திரும்பும் பஸ்ஸில் எனக்கு வந்தது பொறாமை. வெட்கமும் கொஞ்சம் வந்தது என்று சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் வந்தது பொறாமைதான். நான் ஐந்து வருஷம், நான்கு படி, நானூறு பக்கம், நாய், யானை என்று அலைந்திருக்கிறேன். இந்த மனிதர் தாளே தொடாமல், ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, சரியான பந்தி வரும்வரை காத்திருந்து, உப்புக்கும் பொரியலுக்கும் நடுவில் வேலையை முடித்துவிட்டு மோர் ஊற்றப் போய்விட்டார். ஒரு கோடு அடிக்க இடமில்லை.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன். “உனக்குத் தெரியுமா இது?”

“தெரியாமயா?”

“பின்னே ஏன் சொல்லலை?”

“நீங்க அவ்வளவு ஆசையா எழுதீட்டு இருந்தீங்க. கெடுக்கறது எதுக்குன்னு உட்டுட்டேன்.”

அடுத்த ஞாயிறு ஏழு பக்கத்தையும் நானே எடுத்துப் போட்டேன். ஸ்கேல் வைக்கவில்லை, கிழித்தேன். நாயும் பிடரியும் போயின. தோளில் கை, அந்த ஒரு வாக்கியம், அதைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அதற்கு முன்னால் கதாநாயகனின் கல்யாணத்தைச் சேர்த்தேன். அதில் அவன் தரப்பு நியாயத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தேன். எடிட்டர் அதை மூன்று வரியாக்கினார்.

“இப்பத்தானுங்க காரணக் கட்டம் நெறஞ்சிருக்குது. பாஸ் பண்ணிரலாம்.”

முடிந்தது. நாவலை முடித்தவர்கள் பெரிய நிம்மதியைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஐந்து வருஷமாகக் காலையில் பல் துலக்கும்போதே ஒருவரைத் திட்டிப் பழகியவன், திடீரென்று திட்ட ஆளில்லாமல் வாயில் பேஸ்ட் நுரையோடு நின்றேன். மச்சானைத் திட்டிப் பார்த்தேன், பிடிப்பில்லை. என்னையே திட்டிப் பார்த்தேன், மனம் வரவில்லை. அப்போதுதான் பச்சை மையும் மர ஸ்கேலும் கண்முன் வந்தன. நானூறு பக்கத்தை நூற்றெழுபது ஆக்கியவர். என் நான்கு யானைகளைக் கொன்றவர். நுரை நன்றாகப் பொங்கியது.

வெளியீட்டு விழாவைக் கணபதியில் ஒரு சின்ன மண்டபத்தில் வைத்தோம். மச்சானை நேரில் போய் அழைத்தேன். அட்டை அனுப்பினால் அது அழைப்பில்லை. விழாவுக்கு முன்பே தன் தங்கை கொடுத்த பிரதியைப் படித்திருந்தார். “யானை ஒண்ணுதான் போட்டிருக்கறீங்க. சரியா இருக்குதுங்க” என்றார்.

பேச்செல்லாம் முடிந்து பந்தி. எனக்கு வலப்பக்கத்து இலையில் எடிட்டர் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்தார்கள். உப்பு வைத்தார்கள். ஜாங்கிரி வைத்தார்கள். அப்போது மச்சான் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, இடம் பார்த்து நின்றார்.

நான் எடிட்டரின் வலது தோளில் கை வைத்தேன்.

“சார், நீங்க அடுத்த பந்தில உக்காந்துக்கலாமுங்க.”

நாவலில் அவர் கோடு போடாமல் விட்ட வாக்கியம். எங்கே படித்தோம் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார், மச்சானைப் பார்த்தார், விண்டிருந்த ஜாங்கிரியை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

புது இலை போட்டார்கள். மச்சான் உட்கார்ந்தார். உப்பு வைத்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“பஸ்ஸு கிஸ்ஸுன்னு ஏதாச்சும் சேத்திச் சொல்லியிருக்கோணுங்க மாப்ளே. இது கொஞ்சம் மொட்டையா இருக்குது.”

சாப்பிட்டு, சிலரை வழியனுப்பிவிட்டு அடுத்த பந்தியை எட்டிப் பார்த்தேன். எடிட்டர் கடைசி இலையில் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டு, இரண்டாவது முறையாக வாங்கினார்.

அப்படி ரசம் வாங்குகிறவனை எனக்குத் தெரியும்.