வண்டியில் அடித்த துக்க மணி

சில வருடங்களுக்கு முன் எங்கள் கடற்கரை ஊருக்கு ஒரு கலை வண்டி வந்தது. அதில் வந்தவர்கள், மக்களின் அன்றாட வாழ்க்கையைப் படமாகவும் ஒலியாகவும் பதிந்து, அந்தந்த ஊரிலேயே காட்டுகிறவர்கள்.

"உங்க ஊர்னா எந்தச் சத்தம் ஞாபகம் வரும்?" என்று என்னிடம் கேட்டார்கள்.

"கோயில் மணியாக்கும்" என்றேன். எந்த மணி என்று சொல்லவில்லை.

காட்சி தொடங்கிய காலையில், காய்ச்சலில் கிடந்த மகளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போயிருந்தார். திடீரென்று விட்டு விட்டுத் துக்க மணி கேட்டது. ஊரில் சாவு விழுந்தால்தான் அந்த மணி அடிப்பார்கள். கேட்டதும் பக்கத்துக் கடலில் நிற்கும் வள்ளங்கள் திரும்பிவிடும். கடலில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் மணியடிக்கும் உபதேசியார் வாசலில் திகைத்து நின்றார். "நான் அடிக்கல்ல மக்களே!"

மணிக்கயிறு அசையாமல் தொங்கியது. சத்தம் வந்தது கரையில் நின்ற வண்டியின் ஒலிபெருக்கியிலிருந்து. முந்தின வாரம் இறந்த ஒரு பெரியவருக்கு அடித்ததைப் பதிந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு எல்லா மணியும் ஒன்றுதானே!

நான் கரைக்கு ஓடி, அதை நிறுத்த வைப்பதற்குள் வள்ளங்கள் திரும்பிவிட்டன. என் வீட்டுக்காரர் தண்ணீரில் குதித்து ஓடிவந்தார். வந்ததும் மகளின் நெற்றியைத்தான் தொட்டார்.

"ஏட்டி, பிள்ளைக்கு ஒண்ணுமில்லியே?"

அவருக்காகப் பதறி ஓடிவந்த நான், பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் மணி கேட்டால் முதலில் கோபுரத்தில் அது ஆடுகிறதா என்று பார்க்கிறேன். அவர் கடலில் இருக்கும் நாளில் மட்டும், பார்ப்பதற்கு முன்பே கால் ஓடிவிடுகிறது.