மறுபடி ஓட்டிய சுருள்

அந்த இங்கிலீஷ் படத்தைப் போல ஒரு மட்டமான படத்தை நான் பார்த்ததில்லை. வேற்றுக் கிரகத்துக்குப் போன நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள், பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் கடைசியில் அந்தக் கிரகம் வெடித்துச் சிதறும் பாருங்கள், அதை எப்படித்தான் எடுத்தார்களோ, இன்று நினைத்தாலும் மெய் சிலிர்க்கும். என் அண்ணனைக் காட்டிக் கொடுத்ததும் அதுதான்.

மிராசுதாரோடு நடந்த அறுப்புக் கூலித் தகராறில் அண்ணன் மேல் வாரண்ட் இருந்தது. ஊர்வலத்தில் கோஷத்துக்கு முதல் குரல் கொடுப்பவர் அவர்தான். அவர் தலைமறைவாக இருந்த சமயத்தில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டு வாசலில் போலீஸ். அண்ணி எங்கே போனாலும் பின்னால் ஓர் ஆள். "ஒரே ஒரு தடவ புள்ளையப் பாக்கணும்" என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் மேட்னி ஆட்டத்துக்கு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது என்று முடிவானது.

தரை டிக்கெட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். பெண்கள் பக்கம் சுவரோரம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அண்ணன். விளக்கு அணைந்ததும் தூங்கும் பிள்ளையைச் சுவருக்கு மேலாகக் கொடுத்தேன். அப்போது பின்னால் நாற்காலி வரிசையில் ஒருவர் தீக்குச்சி கிழித்தார். மிராசுதாரின் வயல் கணக்கெல்லாம் பார்க்கும் காரியக்காரர். சுவர்ப் பக்கம் குனிந்தேன்.

"அண்ணே, காரியக்காரர் ஒக்காந்திருக்காரு. கெளம்புங்க."

"இப்ப எந்திரிச்சாத்தான் பாப்பான். சும்மா இரு."

படத்தில் பேச்சு வரும்போதெல்லாம் ஜனங்கள் ஊளையிட்டார்கள். நான் மட்டும், பேசுங்கடா, இன்னும் பேசுங்கடா என்று வேண்டிக்கொண்டேன். பேச்சுக் காட்சிகள்தான் இருட்டாக இருந்தன. கிரகம் வெடித்ததும் கொட்டகை முழுக்கப் பட்டப்பகல் ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். காரியக்காரர் வாயைப் பிளந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அந்தக் காலத்தில் ஒரு காட்சி பிடித்துவிட்டால் ஜனங்கள் 'ஒன்ஸ் மோர்' கேட்பார்கள். ஆபரேட்டரும் சுருளைத் திருப்பி ஓட்டுவார். அன்றும் ஆளாளுக்குக் கத்தினார்கள். அதற்கு நடுவே ஒரு குரல், "ஒன்ஸ்... மோர்!" என்று எழுந்தது. அண்ணன்! ஊர்வலத்துக் குரல், அதே இழுப்பு. தரையில் இருந்தவர்கள் முக்கால்வாசி அறுப்பு ஆட்கள். பழக்க தோஷம், கையை உயர்த்தி ஒரே குரலாகத் திருப்பிச் சொன்னார்கள். அண்ணன் மறுபடி கொடுத்தார். அவர்களும் மறுபடி சொன்னார்கள். எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது.

வாசல் திரை விலகியது. காரியக்காரர் வெளியே ஓடுவது தெரிந்தது.

"போயிட்டாருண்ணே! பொம்பளைங்க வழியா ஓடுங்க!"

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கவில்லை. "படத்தப் பாத்துக்கிட்டே ஒக்காந்துட்டேன். இவ்வளவு நேரம் மடியில வச்சிருந்தும் இவ மூஞ்சியப் பாக்கலியே" என்றார்.

"பொறவு பாக்கலாம், ஓடுங்கண்ணே!"

"மறுபடி போடப் போறான். செத்த இரு."

திரை வெடித்தது. எல்லாரும் அதைப் பார்க்க, அண்ணன் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பிள்ளையை இரண்டு கையாலும் அந்த வெளிச்சத்தில் ஏந்திப் பிடித்தார். இமைக்காமல் பார்த்தார். வெளிச்சம் அடங்கியதும் சுவருக்கு மேலாக என்னிடம் கொடுத்தார். போலீஸ் உள்ளே வந்தபோது அவரே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

வீட்டுக்குப் போனதும் அண்ணி ஒன்றுதான் கேட்டாள். "புள்ளையப் பாத்தாங்களா?"

"நல்லாப் பாத்தாங்க" என்றேன். ஓடுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது என்பதை மட்டும் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.